நூற்றுப் பதினேழாம் மரத்தடி

பேராவூரணிக்குக் கிழக்கே, கடைமடையில்,
கஜா போன பதினோராம் நாள்,
சிவப்புப் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக
விழுந்த தென்னைகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டு போனேன்.
தினக்கூலிக்கு எடுத்த ஆள்.
வி.ஏ.ஓ. பின்னால் வருவார்,
அவர் வருமுன் பெயின்ட் காய்ந்திருக்க வேண்டும்,
அவ்வளவுதான் வேலை.

எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தன.
உச்சிப் பொழுதிலும் டார்ச் கேட்கும் தோப்பு என்பார்கள்.
இப்போது வானம்
இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது.

தையல்நாயகி தோப்பில் நூற்றுப் பதினாறு வரை எழுதிவிட்டு
அடுத்த மரத்துக்கு வந்தேன்.
வேர்மண்ணைப் பெயர்த்துக்கொண்டு சாய்ந்த குழியின் ஓரம்
மஞ்சள் கரிசலாங்கண்ணி.
நேர்வெயில் என்றால் என்னவென்று
பத்து நாள் முன்புவரை தெரியாத கொடி.
இலை ஓரம் சுருண்டு
பீடி இலைபோல மொரமொரத்துக் கிடந்தது.
ஒரே ஒரு பூ,
சட்டைப் பொத்தான் அளவு.

நம்பர் எழுதக் குனிந்தேன்.

"அப்படியே இருங்க."

பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு என் கால்விரலில் விழுந்தது.

"உங்க நெழல் அதும்மேல விழுது.
நகராதீங்க. தண்ணி மொண்டுகிட்டு வந்துடறேன்."

நகரவில்லை.
விளையாட்டாகச் சொன்னாளா என்று முகத்தைப் பார்க்குமுன்
குடத்தோடு வாய்க்கால் இறங்கிவிட்டாள்.

எண்ணிப் பழகிய கண் சும்மா இருக்காது.
பூவை எண்ணினேன்: ஒன்று.
உடனே பிளஸ் டூ தாவரவியல் குறுக்கே வந்தது
(அறுபத்தெட்டு மார்க்):
இது ஒரு பூ இல்லை.
ஓரத்தில் இதழ் என்று நினைப்பது ஒவ்வொன்றும் தனிப் பூ.
நடுவில் பொடிப்பொடியாய் நிற்பதும் தனித்தனிப் பூ.
ஒரே காம்பில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து
தூரத்து வண்டுக்கு
ஒன்று என்று கணக்குக் காட்டும் கூட்டம்.
ஓரம் பத்து.
நடுவில் இருபத்து மூன்றில் எண் தவறி,
மறுபடி முதலிலிருந்து,
மறுபடி தவறி.

தண்ணீர் வந்தது, கலங்கல்.
கையால் தெளித்தாள்,
குடத்தைக் கவிழ்க்கவில்லை.
"மஞ்சக்காமாலைன்னு மதுக்கூர்லேருந்துகூட வருவாங்க.
பறிச்சுக்கிட்டுப் போவாங்க, காசு வாங்கறதில்ல."

நீங்க சாப்பிடுவீங்களா?

"அய்ய, எனக்குப் புடிக்காது."

அப்புறம் எதுக்கு?

"எதுக்குன்னா?
இருந்துச்சு."

படிவத்தில் சர்வே எண் கேட்டிருந்தது,
மரத்தின் வயது, காய்ப்பு உண்டா இல்லையா,
பாஸ்புக் நகல்.
நிழல் எத்தனை அடி என்று இல்லை.
இருந்தாலும் நான் எதை எழுதுவேன்,
காலை எட்டு மணி நிழலையா, பத்து மணி நிழலையா?

வி.ஏ.ஓ. பைக்கை நிறுத்திவிட்டுக் கத்தினார்:
"என்னய்யா, நட்டுவச்ச மாதிரி நிக்கிற?"

"பெயின்ட் காயுது சார்."

நூற்றுப் பதினேழை நான் இன்னும் எழுதியிருக்கவில்லை.

*

இரண்டரை வருஷம் கழித்து
பூத் சிலிப் கொடுக்க அதே தோப்புக்குப் போனேன்.
மரங்களைச் சூளைக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள்.
தென்னம்பிள்ளைகள் மார்பளவு,
ஒன்றின் நிழலில் ஒரு கோழி நிற்கலாம்,
குஞ்சுகளோடு என்றால் நெருக்கடி.
குழியை மண் போட்டு மூடியாகிவிட்டது.

அது போச்சா என்று கேட்டேன்.
எது என்று அவள் கேட்கவில்லை.
தாடையால் மோட்டார் கொட்டகையைக் காட்டினாள்.

பதினைந்து அடியாவது இருக்கும்.
கணுவுக்குக் கணு வேர்விட்டு,
பின்னால் இருந்ததைக் காயவிட்டு,
முன்னால் ஊர்ந்து போயிருக்கிறது.
முதலில் விழுந்த மரத்தின் அடியில்.
அதை அறுத்துக்கொண்டு போனபின்
கீற்றுக் குவியலில்.
"அப்புறம் கருணாகரன் டிரெய்லர் டயர் போயி
எட்டு மாசம் இங்கயே கெடந்துச்சு.
அவனைத் திட்டாத நாளில்ல.
அது அடியிலதான் ஒரு கோடை தாண்டுச்சு."

இப்போது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் நீண்டு இறங்கும் இடத்தில்,
குழாய் மூட்டு கசிகிற ஈரத்தில்,
பாய் விரித்தாற்போல் பச்சை.
அதன்மேல் மஞ்சள்,
பத்து, பதினைந்து,
அல்லது முந்நூறு, நானூறு.

சிலிப்புக்குக் கையெழுத்து வாங்கினேன்.
பங்குனி வெயில் பிடரியில் அறைந்தது.
நானும் ஷீட்டுக்கடியில் ஒதுங்கினேன்,
கால்வைக்கும் இடம் பார்த்து.
ஒற்றைக்காலுக்கு இடமிருந்தது.